காத்திருப்பவர்களும் பக்கவாசலும்

இங்கிலாந்தில் தோலில் ஒரு படை தோன்றி ஆறாமல் போனால் நேரே தோல் மருத்துவரிடம் போய் நிற்க முடியாது. முதலில் குடும்ப மருத்துவர். அவர் ஒரு களிம்பு எழுதித் தருவார். அதற்குக் கேட்காவிட்டால் இன்னொன்று. அதற்கும் மசியாவிட்டால் பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் அனுப்புவார். கடிதம் போன நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும், நூற்றுக்கு 92 பேருக்காவது அப்படி நடக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் தேசியச் சுகாதாரச் சேவை தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதி. 2016க்குப் பிறகு ஓர் ஆண்டில்கூட அந்த விதி காப்பாற்றப்படவில்லை. கொரோனாவுக்குச் சற்று முன் எல்லாத் துறைகளையும் சேர்த்து 46 லட்சமாக இருந்த காத்திருப்புப் பட்டியல், 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கியது. மார்தட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. 2029 மார்ச்சுக்குள் பழைய விதியை மீட்டுவிடுவோம் என்று இப்போதைய அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் வேறொரு வாசல் திறந்தே கிடக்கிறது. எந்த மருத்துவரைப் பார்க்கப் பல மாதம் காத்திருக்கச் சொல்கிறார்களோ, பல நேரங்களில் அதே மருத்துவரை, இருநூறு முந்நூறு பவுண்டு கட்டினால் சில நாளிலேயே தனியார் அறையில் பார்த்துவிடலாம். சில ஊர்களில் அந்தத் தனியார் அறையும் பொது மருத்துவமனையின் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இது முறையா என்பது கேள்வி. முறையில்லை என்பது இக்கட்டுரையின் தீர்ப்பு. கடைசிவரை ஒளித்து வைத்து அவிழ்ப்பதற்கு இது துப்பறியும் கதையன்று. வரிசை என்றால் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பேருந்து நிறுத்தத்துக்கும் ரேஷன் கடைக்கும் அந்த எண்ணம் போதும். முதலில் வந்தவர் முதலில் வாங்கிக்கொண்டு போகலாம். மருத்துவமனை வரிசை அந்த வகையில் சேராது. அங்கே யாரை முன்னே விடுவது என்று முடிவு செய்கிறவர், யாருடைய வேதனை எவ்வளவு கனம் என்று நிறுத்துப் பார்க்கிறார். அந்த அளவில் அது ஒரு நீதிமன்றம். மக்கள் இதை யாரும் சொல்லித் தராமலே அறிந்திருக்கிறார்கள். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் புறநோயாளிக் கூடத்துக்குள், மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தால் முப்பது பேரும் விலகி வழிவிடுவார்கள். அதே கூடத்தில் சட்டைப்பையைத் தட்டிக்காட்டி ஒருவர் முன்னால் போனால் முணுமுணுப்பு எழும். இரண்டு பேருமே வரிசையை மீறியவர்கள்தாம். ஒருத்தியை வாழ்த்தி அனுப்பிவிட்டு மற்றவரைப் பார்த்து முகம் சுளிக்கும் அந்தக் கூட்டத்துக்கு அறநூல் படித்துக் காட்ட வேண்டியதில்லை. கோயிலில் சிறப்புத் தரிசனச் சீட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்தாமல் போகலாம். ஆனால் அங்கே தாமதமானால் சாமி கோபித்துக்கொள்வதில்லை. இங்கே தாமதமானால் நோய் முற்றுகிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மேடைகளில் பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டுக்காகவே எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி உண்பதைப் பற்றியதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வரிசையைப் பற்றிய நீதி அந்த அதிகாரத்தின் கடைசிக்கு முந்தைய குறளில் இருக்கிறது. கற்றறிந்த மருத்துவன் மூன்றை அளந்து பார்த்துச் செயல்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர்: நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம். நோயுற்றவனின் அளவு என்பதற்கு அவனுடைய பருவம், வேதனை, வலிமை முதலியவற்றைப் பொருளாகக் கொள்கிறார் பரிமேலழகர். நோயின் அளவு என்பதில் அது தொடக்கத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா, முற்றிவிட்டதா என்பதும் அடங்கும். மூன்று அளவுகோல்களில் எதுவும் நோயாளியின் பணப்பைக்குள் நுழையவில்லை. இதை நடுவுநிலைமை அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தால் தெளிவு கூடும். அங்கே சான்றோருக்கு உவமையாக வருவது துலாக்கோல். முதலில் தான் சமனாக நின்று, பிறகு தன்மேல் வைத்ததை உள்ளபடி காட்டுவதுதான் அதன் தொழில். தட்டில் நோயை மட்டும் வைத்தால் அது நோயைக் காட்டும். கூடவே இருநூற்றைம்பது பவுண்டையும் வைத்தால் அது எதைக் காட்டும் என்பதை மருத்துவமனை நிர்வாகிகள்தாம் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிராக நம் நூலிலிருந்தே ஒரு சான்றை எடுத்து நீட்ட முடியும். அதை மறைப்பது நேர்மையாகாது. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். அதற்கு உரை எழுதும் பரிமேலழகர், நோயாளிக்குரிய நான்கு இயல்புகளைச் சொல்லும்போது பொருளுடைமையையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறார். மருத்துவர் சொற்படி நடப்பது, நோயின் நிலையை எடுத்துரைப்பது, மருந்தின் துன்பத்தைப் பொறுப்பது ஆகியவை மற்ற மூன்று. பணமுள்ளவன் முந்திக்கொள்ளலாம் என்பதற்கு இது சான்றாகாதா என்று கேட்கலாம். ஆகாது. மருந்துக்கும் பத்தியத்துக்கும் செலவு செய்யக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது உரையாசிரியரின் காலத்து நடப்பு. இன்னொரு நோயாளியின் முறையை விலைக்கு வாங்கலாம் என்று அவர் எழுதவில்லை. அதைவிட முக்கியம், அந்தப் பொருளுடைமையைத் தனிமனிதன் தலையிலிருந்து இறக்கி ஊரே சுமப்பது என்ற முடிவைத்தான் 1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டன் எடுத்தது. சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் தொடங்கிவைத்த சேவையின் சாரம் அது. நலமாக இருக்கும்போது எல்லாரும் வரி கட்டுகிறார்கள். நோயுற்றபோது மருத்துவரைப் பார்க்க யாரும் காசு தர வேண்டியதில்லை. ஆக, வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே கட்டணம் செலுத்தியவர். இரண்டாம் முறை பணம் கட்டுகிறவர் சிகிச்சையை வாங்குவதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் வாங்குவது முன்னால் உட்கார்ந்திருப்பவரின் நேரத்தை.

தமிழ் மரபில் ஆள்பவனின் முதல் தகுதிகளில் ஒன்று எளிதில் காணக் கிடைப்பது. குறளின் இறைமாட்சி அதிகாரம் அதைச் சொல்கிறது. கன்றை இழந்த பசு இழுத்த ஆராய்ச்சி மணிக்கு மனுநீதிச் சோழன் இறங்கி வந்தான். பெயரை எழுதி வைத்துக்கொள்கிறோம், முறை வரும்போது கடிதம் வரும் என்று அந்தப் பசுவிடம் யாரும் சொல்லவில்லை. அரசன் மகனுக்கு ஒரு நீதி, பசுவுக்கு ஒரு நீதி என்ற பக்கவாசலும் அங்கே இல்லை. மணிமேகலையில் காயசண்டிகை யானைத்தீ என்னும் பெரும்பசி நோயால் பன்னிரண்டு ஆண்டு வாடியவள். அவள் எந்த ஊர்க்காரி என்று விசாரிக்காமல் அமுதசுரபி கவிழ்ந்தது. குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் பெருந்தகையாளனின் செல்வத்துக்கு மருந்து மரத்தை உவமை சொல்கிறது. வேர், பட்டை, இலை எல்லாம் தப்பாமல் மருந்தாகும் மரம், வந்தவர் யாரென்று பார்த்து இலை உதிர்ப்பதில்லை. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார், பசியைப் போலவே பிணியையும் சீவகாருணியத்தால் நீக்கப்பட வேண்டிய துன்பங்களின் பட்டியலில் வைத்தார். திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று அறநூல்களுக்கு மருந்துகளின் பெயரையே சூட்டிய மொழி இது. அறத்துக்கும் மருந்துக்கும் நடுவே கல்லாப்பெட்டியைக் கொண்டுவந்து வைக்க இந்த மரபில் எங்கும் இடம் கிடைக்காது.

சரி, தோல் நோய்தானே, உயிரா போய்விடும் என்ற சமாதானம் அடுத்து வரும். காத்திருப்பை நியாயப்படுத்தும் எல்லாப் பேச்சுக்கும் அடியில் கிடப்பது இந்த ஒரு சமாதானம்தான். நாலடியார் தூய்தன்மை அதிகாரத்தில், ஈயின் சிறகளவு தோல் அறுந்தாலும் காக்கையை ஓட்டக் கோல் தேவைப்படும் என்று ஒரு கருத்து வருகிறது. உடலின் அழகை நம்பாதே என்பதற்காகச் சமணத் துறவிகள் சொன்னது அது. ஆனால் அதையே திருப்பிப் பிடித்தால், மனிதனை மனிதனாக மற்றவர்முன் நிறுத்தும் போர்வை தோல்தான் என்பதற்கு அதைவிடக் கூர்மையான சான்று கிடையாது. இங்கிலாந்தில் ஓராண்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தோல் பிரச்சினைக்காகக் குடும்ப மருத்துவரிடம் போகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்ப மருத்துவருக்கோ மருத்துவப் படிப்பில் தோலைப் பற்றிக் கிடைத்த பாடம் மிகக் குறைவு. குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு எக்ஸிமா எனப்படும் கரப்பான் வருகிறது. இரவெல்லாம் சொறிந்து விழித்திருக்கும் குழந்தை, அதோடு விழித்திருக்கும் தாய், மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை, வேலையில் தூங்கி விழும் தந்தை. ஒரு வீடே நோயுறுகிறது. கடும் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆனால் தோல் நிபுணரின் மேற்பார்வை இல்லாமல் அதைத் தரக்கூடாது என்பது அங்குள்ள ஏற்பாடு. சொரியாசிஸுக்கும் கடுமையான எக்ஸிமாவுக்கும் வந்துள்ள புதிய ஊசி மருந்துகளும் அப்படித்தான், மருத்துவமனை நிபுணர் எழுதினால்தான் உண்டு. பூட்டு நிபுணர் கையில். சாவிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் பருவின் வடு முகத்தில் நிலைத்துவிடுகிறது. சிலருக்குச் சொரியாசிஸ் மூட்டுகளுக்குள் இறங்கிவிடுகிறது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி கட்டியாக வந்து தோலுக்கடியில் துளைபோட்டுப் போகும் ஹைட்ராடினைடிஸ் நோயில், இன்ன நோய் என்று பெயர் சொல்லப்படுவதற்கே ஆண்டுகள் கழிகின்றன. வள்ளுவர் மூன்றாவது அளவாகக் காலத்தை வைத்ததன் நியாயம் இங்கே விளங்கும். உயிர் போகாத நோயிலும் காலம் போனால் திரும்பி வராதவை இருக்கின்றன. உலகச் சுகாதாரப் பேரவை 2014இல் சொரியாசிஸ் பற்றியும், 2025 மே மாதத்தில் தோல் நோய்கள் அனைத்தையும் பற்றியும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

புற்றுநோய் என்று சந்தேகம் எழுந்தால் மட்டும் அங்கே கதவு விரைவாகத் திறக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் அப்படிப்பட்டவரை இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2023 அக்டோபரில் அதை மாற்றி, புற்றுநோய் உண்டா இல்லையா என்ற விடை 28 நாளுக்குள் கிடைக்க வேண்டும் என்றார்கள். மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 17,000 பேருக்கு வருகிறது. வேளையோடு வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். எனவே மச்சம் நிறம் மாறியவர் முன்னே போவது நூற்றுக்கு நூறு நியாயம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு வழிவிட்ட அதே நியாயம். ஆனால் அந்த விரைவு வழியில் போகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் புற்றுநோய் இல்லை என்றுதான் தெரிகிறது. இருக்கும் நிபுணர்களின் நேரத்தை அந்த வழி எடுத்துக்கொள்ள, எக்ஸிமாவும் சொரியாசிஸும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவசரமில்லை என்ற முத்திரை விழுந்தவர்களுக்கு இதற்குமேல் தள்ளிப்போடக்கூடாது என்ற எல்லையை 18 வாரம் என்று எழுதிவைத்தார்கள். அதை யாரும் மதிக்கவில்லை. எல்லை அழிந்த அந்த வெற்றிடத்தில்தான் பணம் குடியேறியது. தேவையின் வரிசை நேர்மையாக நகர்ந்திருந்தால் பக்கவாசலுக்கு வாடிக்கையாளரே கிடைத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பக்கவாசல் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தனியார் தொழிலும் செய்யும் பொது மருத்துவர்களுக்காக பிரிட்டனின் சுகாதாரத் துறை 2004இல் ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. பொதுப் பணிக்கே முதலிடம், பொது நோயாளியிடம் தனியார் ஆசை காட்டக்கூடாது என்று நல்ல வார்த்தைகள் பல அதில் உண்டு. கூடவே ஒரு விதியும் இருக்கிறது. தனியாரில் ஆலோசனை பெற்ற ஒருவர் பிறகு பொதுச் சேவைக்கு வந்தால், அந்த ஆலோசனையைப் பொதுச் சேவையிலேயே பெற்றிருந்தால் பட்டியலில் எந்த இடத்தில் இருப்பாரோ அந்த இடத்தில் அவரைச் சேர்க்க வேண்டும். படிக்கும்போது சமத்துவம் போலத் தோன்றும். நடைமுறையில் பாருங்கள். இரண்டு பெண்கள், ஒரே தெரு, ஒரே சொரியாசிஸ், ஒரே நாளில் ஒரே குடும்ப மருத்துவரின் கடிதம். ஒருத்தி முதல் சந்திப்புக்காகக் காத்திருக்கிறாள். மற்றவள் 250 பவுண்டு கொடுத்து அடுத்த வாரமே நிபுணரைப் பார்த்துவிட்டு, அவர் பரிந்துரையோடு பொது மருத்துவமனையின் ஒளிச் சிகிச்சைப் பட்டியலில் பெயரை எழுதிவிடுகிறாள். ஒளிச் சிகிச்சை இலவசம். அதற்கு முன்னால் நின்ற நீண்ட வரிசையை மட்டும் அவள் விலைக்கு வாங்கிவிட்டாள். முதல் வாசலில் காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் இரண்டாம் வாசலில் சமமாக நடத்தப்படுவார்கள் என்கிறது விதி. முதல் வாசலைத் தாண்டாதவள் இரண்டாம் வாசலின் சமத்துவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

காசு உள்ளவர்கள் தனியே போய்விட்டால் வரிசை குறையும், மிச்சம் இருப்பவர்களுக்கும் அது நன்மைதானே என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இரண்டு வரிசைக்கும் வேறு வேறு மருத்துவர்கள் இருந்தால் அது சரி. இருப்பதோ ஒரே மருத்துவர், அவருக்கும் நாளுக்கு இருபத்துநான்கு மணிதான். தோல் நிபுணர் பணியிடங்கள் பல நிரப்பப்படாமல் கிடக்கும் நாட்டில் சனிக்கிழமைத் தனியார் அறையில் கழியும் ஒவ்வொரு மணியும் எங்கிருந்தோ எடுக்கப்பட்டதே. சனிக்கிழமை அவருடைய சொந்த நேரம், பொதுச் சேவைக்கு அது எப்படியும் கிடைத்திருக்காது என்று பதில் வரும். கிடைத்திருக்கும், அரசு விலை கொடுத்து வாங்கியிருந்தால். 2025 ஜனவரியில் வெளியிட்ட திட்டத்தில் பொது வரிசையில் நிற்பவர்களுக்காகத் தனியார் மருத்துவமனைகளின் இடத்தையும் நேரத்தையும் கூடுதலாக வாங்கப் போவதாக அரசே சொல்லியிருக்கிறது. அதில் அறக்கேடு எதுவும் இல்லை. கட்டடம் யாருடையது என்பது கேள்வியன்று, வரிசையை எது வகுக்கிறது என்பதே கேள்வி. இன்னொன்றும் உண்டு. நீண்ட வரிசைதான் தனியார் அறைக்கு விளம்பரம். வரிசை குறைந்தால் தனக்கு வருமானம் குறையும் என்ற நிலையில் எந்த மனிதனையும் நிறுத்தக்கூடாது; மருத்துவர்கள் தீயவர்கள் என்பதற்காகச் சொல்வதன்று, நல்லவர்களையும் சோதனைக்குள் தள்ளும் ஏற்பாடு தவறு என்பதற்காக.

வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு விதியை எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தை நுழையும் இடத்தில் இந்தத் தலைகீழ் நிலை இன்னும் மோசமாகிறது. ஐம்பது ஆண்டு கழித்து 2021இல் கிங்ஸ் ஃபண்ட் ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தபோது, மிக ஏழ்மையான பகுதிகளில் வாழ்கிறவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு மிக வசதியான பகுதிகளைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று தெரிந்தது. 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு 250 பவுண்டு என்பது ஏறக்குறைய இருபது மணிநேர உழைப்பு. அதுவும் முதல் சந்திப்புக்கு மட்டும். தோலைக் கிள்ளிச் சோதிப்பதற்கும் மறுமுறை வருவதற்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். வேதிப்பொருளில் கை நனைத்துத் துப்புரவு செய்து கையெல்லாம் வெடித்துப்போனவருக்குத்தான் இந்தக் கணக்கு. தேவை அவரிடம், பணம் வேறிடத்தில்.

தன் பணத்தைத் தன் உடலுக்குச் செலவழிக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் ஷவூலி வழக்கில் அந்த உரிமையை மதித்தது. பட்டியலில் பெயர் இருப்பது சிகிச்சை கிடைத்ததாகாது என்று அங்கே சொல்லப்பட்டது சரியான பேச்சு. ஆனால் அதே நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கேம்பி அறுவைச் சிகிச்சை மையம் தொடுத்த வழக்கு நெடுங்காலம் நடந்து, தனியார் வழியை அகலத் திறந்தால் பொது வரிசை குறையாது, ஏற்றத்தாழ்வுதான் கூடும் என்று 2020இல் தீர்ப்பானது; 2023இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. உரிமை இருக்கட்டும். அந்த உரிமையைப் பயன்படுத்தப் பொதுச் சேவையின் மருத்துவரையும், பொதுச் சேவையின் பட்டியலையும் வாடகைக்கு விட வேண்டிய கடமை அரசுக்கு இல்லை.

மருத்துவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம்தான் இந்த வாசலை 1948 முதல் திறந்து வைத்திருக்கிறது. நிபுணர்களைச் சேவைக்குள் கொண்டுவர அவர்களுடைய தனியார் தொழிலையும், பொது மருத்துவமனைக்குள் கட்டணப் படுக்கைகளையும் பெவன் விட்டுக்கொடுத்தார். அவர்கள் வாயில் தங்கத்தைத் திணித்தேன் என்று அவரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1974இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையின் ஊழியர்கள், தனியார் நோயாளிகளின் தளத்துக்கு வேலை செய்ய மாட்டோம் என்று கிளர்ந்தார்கள். 1976இல் கட்டணப் படுக்கைகளைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் வந்தது. மார்கரெட் தாட்சர் ஆட்சி அதைத் திருப்பியது. 2012இன் சட்டமோ பொது மருத்துவமனை தன் வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 49 விழுக்காடு வரை, தனியார் நோயாளிகளிடம் ஈட்டலாம் என்று வரம்பை விரித்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காலையில் அரசு கிளினிக்கில் பார்த்த நிபுணரையே மாலையில் சனல் செய்து, அதாவது கட்டணம் கட்டித் தனியாரில் முன்பதிவு செய்து, பார்க்கும் வழக்கம் எவருக்கும் புதிதன்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களின் மாலை நேரக் கிளினிக்குகளும் ஊரறிந்தவை. வேறு வழியே இல்லை என்பதும் உண்மையன்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தனியார் தொழில் செய்யக்கூடாது. அதற்கு ஈடாகப் படி பெறுகிறார்கள். கேரளம் 2009இல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்குத் தனியார் தொழிலைத் தடுத்தது. மீறல் புகார்கள் வராமல் இல்லை, ஆனாலும் அது தவறு என்று எழுத்தில் இருப்பதே ஒரு காவல். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைச் சொல்லும்போது, வைத்தியருக்கு உரிய நெல்லையும் காசையும் அளந்து எழுதிவைக்கிறது. மருத்துவர் வயிறு நிறைய வேண்டும். அதைப் பொதுவிலிருந்து நிறைப்பதுதான் முறை. தாராளமாகவே நிறைக்கட்டும்.

குழந்தையின் சொறியைப் பார்க்கப் பொறுக்காமல் கடன் வாங்கி 250 பவுண்டு கட்டும் பெற்றோர்மீது இந்தக் கட்டுரைக்கு எந்தக் குறையும் இல்லை. தீப்பிடித்த வீட்டிலிருந்து தன் பிள்ளையை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை விற்றவரைத்தான் சொல்வார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வெம்ப்ளியிலும் வாழும் தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கவலையும் உண்டு. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி கறுத்த தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். பாடநூல் படங்களோ பெரும்பாலும் வெள்ளைத் தோலினவை. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டத்தான் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் 2020இல் மற்ற இருவரோடு சேர்ந்து ஒரு கையேட்டையே உருவாக்கினார். படம் எடுத்து அனுப்பி, அதைப் பார்த்தே வரிசையில் இடம் ஒதுக்கும் முறை பரவிவரும் காலத்தில், நோயின் அளவே தப்பாக அளக்கப்பட்டால் பின்னால் தள்ளப்படுவது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்டு மருத்துவமனைகளில் தமிழ் மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களில் நிபுணர்களும் உண்டு. பெரிய சீர்திருத்தங்களுக்கு நாடாளுமன்றம் கூடட்டும், பணியிடங்கள் நிரம்பட்டும், 2029 வரட்டும். ஆனால் தனியாரில் ஆலோசனை பெற்று வருபவரைப் பற்றிய 2004இன் அந்த விதி சட்டமன்று. ஒரு துறை எழுதி வெளியிட்ட நடத்தை நெறியின் ஒரு வரி. தனியாரில் முதல் ஆலோசனை பெற்றவரும், தன் குடும்ப மருத்துவரின் கடிதம் போன நாளை வைத்தே பொதுப் பட்டியலில் நிற்கட்டும் என்று அதைத் திருத்தி எழுதும்படி, தமிழ் மருத்துவர்களே, உங்கள் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானமாவது கொண்டு வாருங்கள்.